கால் வாட் போதும்!

சென்ற ஆண்டு கல்லூரி திறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஒரு மாலை நேரம். என் வகுப்பு மாணவர் ஒருவர் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். "சார், ஒரு சந்தேகம். பாடத்தில் இல்லை. 100 வாட் ஆம்ப் ஒன்று பழைய விலைக்கு வருகிறது. வாங்கலாமா?" என்றார்.

அவர் தம் ஊர்த் தேவாலயத்துப் பாடகர் குழுவில் மின்கித்தார் வாசிப்பவர். குழுவில் இருந்தது ஓர் இன்னிசைக் குழுவினர் கழித்துக் கொடுத்த 60 வாட் பெட்டி. அதை வைத்துக்கொண்டு ஓராண்டாகத் தொல்லை. முன்வரிசையில் அமரும் பெரியவர்கள் "காதைத் துளைக்கிறது" என்கிறார்கள். பின்வரிசையிலோ பாட்டின் சொற்களே விளங்கவில்லையாம். சத்தத்தைக் குறைத்தால் கித்தாரின் உயிரே போய்விடுகிறது என்று இவர் குறைப்பட்டுக்கொள்கிறார். கடைசியில் போதகர் சொல்லிவிட்டார்: இரண்டு மாதத்தில் சரியாகாவிட்டால் கித்தார் வேண்டாம், ஆர்மோனியமே போதும்.

"பெரிய பெட்டியாக இருந்தால், குறைத்து வைத்தாலும் நன்றாக ஒலிக்கும் அல்லவா சார்?" என்று கேட்டார். இரண்டு கோடை விடுமுறைகளில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த 18,000 ரூபாய் அவரிடம் இருந்தது. அது முழுவதும் அந்தப் பெட்டிக்குப் போகப் போகிறது.

ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். எனக்குக் கித்தாரில் ஒரு கம்பியையும் மீட்டத் தெரியாது. ஆனால், கேள்வி இசையைப் பற்றியது போல் தோன்றினாலும் அதற்கு விடை இயற்பியலில் இருக்கிறது என்பது தெரிந்தது. நீங்களும் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உடன் வாருங்கள்.

வாட்டும் காதும்

ஒரு பெருக்கியின் மேல் 100 வாட் என்று எழுதியிருந்தால், 10 வாட் பெருக்கியைப் போலப் பத்து மடங்கு சத்தம் போடும் என்றே எல்லோரும் எண்ணுகிறார்கள். கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார். நம் காது அப்படி வேலை செய்வதில்லை. ஒலிச் செறிவு பத்து மடங்கு கூடினால்தான் உரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கானதாகக் காதுக்குத் தோன்றும். அதனால்தான் ஒலியை மடக்கை அளவில், டெசிபலில் அளக்கிறோம். திறன் இரட்டித்தால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல். நூறு மடங்கானால் 20 டெசிபல்.

இனி ஸ்பீக்கருக்கு வருவோம். கித்தார்ப் பெட்டிகளில் உள்ள 12 அங்குல ஸ்பீக்கருக்கு 1 வாட் திறன் கொடுத்தால், 1 மீட்டர் தொலைவில் 97 டெசிபல் அளவுக்கு ஒலி கிடைப்பது வழக்கம். வீட்டில் உள்ள சாதாரண ஸ்பீக்கர்களைவிட இது மிக அதிகம். தொலைவு இரு மடங்கானால் செறிவு நான்கில் ஒரு பங்காகும் என்ற எதிர்விகித இருபடி விதியைப் படித்திருப்பீர்கள். அது 6 டெசிபல் இழப்பு. 2 மீட்டரில் 91, 4 மீட்டரில் 85. தேவாலயத்தின் முன்வரிசை ஏறக்குறைய அந்த 4 மீட்டரில்தான் இருக்கிறது.

சாதாரண உரையாடல் 1 மீட்டரில் சுமார் 60 டெசிபல். பாடகர்களை மூழ்கடிக்காமல் துணை நிற்கும் கித்தாருக்கு முன்வரிசையில் 79 டெசிபல் தாராளம் என்று வைத்துக்கொள்வோம். 1 வாட்டுக்கு 85 என்றால் 79-க்கு 6 டெசிபல் குறைய வேண்டும். ஆகவே தேவையான திறன் 1 வாட்டில் நான்கில் ஒரு பங்கு. வெறும் கால் வாட்!

இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது மாணவர் நம்பவில்லை. முதல் தடவை எனக்கே ஐயமாகத்தான் இருந்தது. ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கால் வாட் என்பது சராசரி. கம்பியைச் சுண்டும் கணத்தில் ஒலி சராசரியைவிட 10 டெசிபல் வரை தாவும். அந்தத் தாவலும் சிதையாமல் வர வேண்டுமானால் பத்து மடங்கு, அதாவது இரண்டரை வாட் கையிருப்பு வேண்டும். அவ்வளவுதான். மீதி தொண்ணூற்றேழரை வாட் எதற்கு?

அது வேறு இடத்துக்காகப் பிறந்தது. 1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் குழு பாடியபோது 55,000-க்கும் மேற்பட்டோர் கூடியிருந்தார்கள். அதற்கென்றே வாக்ஸ் நிறுவனம் 100 வாட் பெருக்கிகளைக் கொடுத்தது. அப்படியும் ரசிகர்களின் கூச்சலில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை. 300 பேர் அமைதியாக அமர்ந்திருக்கும் கூடத்துக்கு அதே திறனைக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? கட்டுப்பாட்டுக் குமிழைத் துளி திருப்பியதுமே வேண்டிய சத்தம் வந்துவிடும். இன்னும் ஒரு மயிரிழை திருப்பினால் போதகர் திரும்பிப் பார்ப்பார். குமிழின் மீதிச் சுற்று முழுவதும் வீண். பெரிய பெட்டியைக் குறைத்து வைக்கலாம் என்பது ஏட்டில் சரி, விரலுக்குச் சரிவராது.

காலிக் கூடமும் நிறைந்த கூடமும்

அடுத்த சனிக்கிழமை பயிற்சி நேரத்தில் நானும் அந்தத் தேவாலயத்துக்குப் போனேன். உயர்ந்த கூரை, சுண்ணாம்புப் பூச்சுச் சுவர்கள், சிமெண்டுத் தரை. நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினேன். சத்தம் உடனே அடங்கவில்லை. கூரையிலும் சுவரிலும் மாறி மாறி மோதித் தேய்ந்துகொண்டே போயிற்று. இதுதான் எதிர்முழக்கம்.

இதை முதன்முதலாக அளந்து விதியாக்கியவர் வாலஸ் சபைன். 1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அவர் இளம் இயற்பியல் ஆசிரியர். புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் ஆசிரியர் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல்லின் ஒலி ஐந்தரை வினாடி வரை சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் அடுத்த பத்துப் பதினைந்து சொற்கள் வந்து மேலே விழுந்தால் எப்படி விளங்கும்? காரணம் கண்டுபிடிக்கும் பொறுப்பு சபைன் தலையில் விழுந்தது. அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து மண்டபத்தில் பரப்புவார். ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தை நிறுத்து கடிகாரத்தில் குறிப்பார். விடிவதற்குள் மெத்தைகள் பழைய இடத்துக்குப் போய்விட வேண்டும்! பகலில் வண்டிச் சத்தம் அளவைக் கெடுத்துவிடும் என்பதால் இரவு வேலை. மெத்தைக்கும் தூக்கத்துக்கும் அவருக்கு இருந்த உறவு இப்படி விநோதமானது.

அவர் கண்ட விதி எளியது. கூடத்தின் கன அளவைக் கன மீட்டரில் எடுத்து 0.161-ஆல் பெருக்குங்கள். அதைக் கூடத்தின் மொத்த உட்கவர்தலால் வகுங்கள். ஒலி 60 டெசிபல் தேய எடுத்துக்கொள்ளும் நேரம் வினாடிகளில் கிடைக்கும். உட்கவர்தலுக்கு சபைன் தேர்ந்த அலகு திறந்த சன்னல். திறந்த சன்னல் வழியே போன ஒலி திரும்புவதில்லை. எனவே 1 சதுர மீட்டர் திறந்த சன்னலை 1 என்று கொண்டால், பூசிய சுவர் அதில் 0.03 பங்குதான் ஒலியை விழுங்கும்.

நம் தேவாலயத்தைக் கணக்கிடுவோம். நீளம் 30 மீட்டர், அகலம் 12, உயரம் 9. கன அளவு 3,240 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து பரப்பு 1,476 சதுர மீட்டர். அதை 0.03-ஆல் பெருக்கினால் 44. திறந்த கதவு சன்னல்கள் சுமார் 30. மொத்தம் 74. எதிர்முழக்க நேரம் 7 வினாடி.

இது சனிக்கிழமைக் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை 300 பேர் வந்து அமர்கிறார்கள். உடுத்த துணியோடு ஒரு மனிதர் ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமம். 300 பேருக்கு 150. மொத்தம் 224. எதிர்முழக்க நேரம் 2.3 வினாடியாகச் சுருங்கிவிடுகிறது.

ஆகவே சனிக்கிழமை பயிற்சி நடக்கும் கூடமும் ஞாயிறு ஆராதனை நடக்கும் கூடமும் ஒன்றல்ல. சுவர் ஒன்றுதான், கூடம் வேறு. உட்கவர்தல் மூன்று மடங்கு கூடுவதால், திரும்பித் திரும்பி வரும் ஒலி ஞாயிறன்று ஏறக்குறைய 5 டெசிபல் குறைகிறது. சனிக்கிழமை குமிழை ஓர் இடத்தில் வைத்துப் பழகிய மாணவர், ஞாயிறன்று ஒலி குன்றியதாக உணர்ந்து திருப்புகிறார். அளவு தெரியாமல் 10 டெசிபல் திருப்பிவிடுகிறார். 60 வாட் பெட்டியில் அதற்குக் கடுகளவு திருப்பமே போதும்.

மேலும் ஒன்று. நான் சொன்ன 6 டெசிபல் இழப்பு திறந்த வெளிக்கு உரியது. மூடிய கூடத்தில் சில மீட்டர்களுக்கு அப்பால், நேராக வரும் ஒலியைவிடச் சுவரில் பட்டு வரும் ஒலியே மிகுந்துவிடும். பிறகு எவ்வளவு பின்னே போனாலும் சத்தம் அதிகம் குறையாது, தெளிவுதான் குறையும். பின்வரிசையார் சொற்கள் விளங்கவில்லை என்றது இதனால்தான். அங்கே கேட்காமல் போகவில்லை, கேட்டது குழம்பியிருந்தது. அதற்கு மருந்தாக மேலும் சத்தம் கூட்டுவது சேற்றில் சேற்றைக் கரைப்பது போன்றது.

உங்கள் பள்ளி அரங்கிலும் இதைச் செய்து பார்க்கலாம். காலியாக இருக்கும்போது ஒருமுறை, எல்லோரும் கூடிய பிறகு ஒருமுறை பலூன் ஒன்றை உடைத்து, ஒலி அடங்கும் நேரத்தைக் குறியுங்கள். தலைமையாசிரியரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

ஸ்பீக்கர் யாரைப் பார்க்கிறது?

முன்வரிசைப் பெரியவர்களின் புகாருக்குக் காரணம் வேறு. பெட்டி மேடைத் தரையில், மாணவரின் கால்களுக்குப் பின்னால் இருந்தது. மேடைக்கு மூன்று படி. ஆகவே ஸ்பீக்கர் இருந்தது கீழே அமர்ந்திருப்பவர்களின் காது மட்டத்துக்கு நேராக.

ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர் என்று கொள்வோம். 340 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 1 மீட்டர். 3,400 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 10 சென்டிமீட்டர். ஸ்பீக்கர் கூம்பின் குறுக்களவு 30 சென்டிமீட்டர். அலைநீளம் கூம்பைவிடப் பெரிதாக இருந்தால் ஒலி எல்லாப் பக்கமும் விரியும். சிறிதாக இருந்தால் கைவிளக்கின் ஒளிக்கற்றை போல நேரே பாயும். கித்தாரின் கூர்மையான மேற்சுரங்கள் எல்லாம் இப்படிக் கற்றையாகப் போய் முன்வரிசையைத் தாக்கின. வாசிப்பவரின் காதோ அந்தக் கற்றைக்கு 50 பாகை மேலே இருந்தது. அவருக்குக் கூர்மை கேட்கவில்லை. அதனால் கூர்மைக் குமிழைக் கூட்டினார். பாட்டியம்மாக்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். இருவர் மீதும் குற்றமில்லை.

பெட்டியைச் சாய்த்து, ஸ்பீக்கரை வாசிப்பவரின் முகத்தை நோக்கித் திருப்பச் சொன்னேன். சபையை நோக்கி அல்ல, மேடையின் குறுக்காக. இரண்டு செங்கல் போதுமாயிற்று. அவர் நான்கு மீட்டி மீட்டிவிட்டு, "இவ்வளவு எரிச்சலாகவா சார் இதுவரை வாசித்துக்கொண்டிருந்தேன்?" என்றார். தாமாகவே இரண்டு குமிழ்களைக் குறைத்தார்.

வால்வும் அதன் வெப்பமும்

"ஆனால் சார், குறைத்தால் அந்தப் பழைய வால்வு ஓசை வராதே" என்று அவர் சொன்னதிலும் உண்மை உண்டு.

1906-ல் லீ டி ஃபாரஸ்ட் உருவாக்கிய மூன்று முனை வெற்றிடக் குழாயின் வாரிசுகள் வானொலிப் பெட்டிகளை விட்டுப் போய்ப் பல காலமாயிற்று. கித்தார்க்காரர்கள் மட்டும் இன்றும் அவற்றை விடவில்லை. காரணம், வால்வு தன் எல்லையைத் தொடும்போது சைன் அலையின் உச்சியைச் சட்டென்று வெட்டாமல் மெல்ல அமுக்குகிறது. அமுங்கிய அலையில் புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. பொறியாளர் இதைச் சிதைவு என்பார், கித்தார்க்காரர் இதை அழகு என்பார். வானொலியில் செய்தி கேட்பவர் நான் என்றால் பொறியாளர் பக்கம். கித்தார் என்றால் என் மாணவர் பக்கம்.

சிக்கல் என்னவென்றால், வால்வு தன் எல்லையைத் தொட வேண்டுமானால் முழுத் திறனில் ஓட வேண்டும். ஃபெண்டர் சாம்ப் போன்ற 5 வாட் சிறு பெருக்கி முழுத் திறனில் ஓடினால்கூட, நம் 97 டெசிபல் ஸ்பீக்கரில் முன்வரிசைக்கு 92 டெசிபல் போகும். வாக்ஸ் ஏ.சி.30 என்றால் அதைவிட 8 டெசிபல் கூடுதல். தேவாலயத்தில் இரண்டும் ஆகாது.

வழிகள் சில உண்டு. முன்நிலை வால்வை மட்டும் எல்லைக்குத் தள்ளிவிட்டு, இறுதித் திறனைத் தனிக் குமிழால் அடக்குவது ஒன்று. பெருக்கிக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் திறன் குறைப்பி வைப்பது இன்னொன்று. 15 வாட் பெருக்கியில் 12 டெசிபல் குறைத்தால் ஸ்பீக்கருக்கு ஏறக்குறைய 1 வாட் போகும், மீதி 14 வாட் மின்தடையில் வெப்பமாகும். ஒலிக்காக வாங்கிய மின்சாரத்தில் பெரும்பகுதியைக் கொண்டு ஒரு பெட்டியைச் சூடாக்குவது எனக்கு உவப்பான வழியல்ல. கால் வாட், அரை வாட் வால்வுப் பெருக்கிகளும் இப்போது செய்கிறார்கள். மூன்றாவது வழி, வால்வின் நடத்தையைக் கணக்காக எழுதி, ஒரு சில்லு அதைப் போலவே அலையை அமுக்குவது. காது கூர்மையானவர்கள் வேறுபாடு தெரியும் என்பார்கள். 300 பேர் பாடும் நடுவே அதைக் கண்டுபிடிப்பவர் இருந்தால் அவரைப் பாடகர் குழுத் தலைவராக்கலாம்.

"சத்தம் குறைந்தால் கித்தாரின் உயிர் போகிறது" என்றாரே, அதில் நம் காதின் பங்கும் உண்டு. 1933-ல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் அளந்து காட்டியபடி, ஒலி மெலியும்போது காது தாழ்ந்த சுரங்களை அதிகமாக இழக்கிறது. கித்தாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். மெல்லிய ஒலியில் அது 1,000 ஹெர்ட்ஸ் சுரத்துக்குச் சமமாகக் கேட்க வேண்டுமானால் 20 டெசிபலுக்கும் மேல் கூடுதலாக ஒலிக்க வேண்டும். ஆகவே குறைந்த ஒலியில் வாசிப்பவர் தாழ்சுரக் குமிழைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். எதிர்முழக்கம் மிகுந்த கூடத்தில் அதையும் அளவோடு.

மண் கம்பி

அன்று நான் கண்ட ஒரு காட்சி சத்தத்தைவிட அதிகமாக என்னைக் கலக்கியது. பெட்டியின் மும்முனைச் செருகியில் நில இணைப்பு முனை உடைக்கப்பட்டிருந்தது. "இரைச்சல் வருகிறது என்று யாரோ எடுத்துவிட்டார்கள் சார். மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்கும்" என்றார், சிரித்துக்கொண்டே.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கித்தாரின் கம்பிகள் பெருக்கியின் உலோகச் சட்டத்தோடு இணைந்தவை. சட்டத்தில் மின்கசிவு இருந்து நில இணைப்பும் இல்லாவிட்டால், கம்பியைப் பிடித்த கையிலிருந்து மைக்கைத் தொட்ட உதடு வரை உடலே மின்பாதையாகிவிடும். 1972-ல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில் லெஸ்லி ஹார்வி என்ற கித்தார்க் கலைஞர், சரியாக நில இணைப்புச் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். அன்று பயிற்சியை அத்தோடு நிறுத்தச் சொன்னேன். மின்பணியாளர் வந்து செருகியை மாற்றி, சுவர்ப் பொருத்துவாயின் நில இணைப்பையும் சோதித்த பிறகுதான் மறு வாரம் கித்தார் ஒலித்தது. 50 ஹெர்ட்ஸ் முனகல் இருந்தால் கித்தாரை மின்மாற்றிக்கு எதிராகத் திருப்பிப் பாருங்கள், வடத்தை மாற்றுங்கள். மண் கம்பியை மட்டும் தொடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் 120 வோல்ட் பெட்டியை நம் 230 வோல்ட்டில் செருகிப் புகைய விடுவதும் நடக்கிறது. வால்வுப் பெருக்கியை நிறுத்திய பின்னும் அதன் மின்தேக்கிகளில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கும். திறந்து பார்க்கும் ஆவல் எனக்கும் உண்டு. நீங்கள் திறக்க வேண்டாம்.

வாசிப்பவரின் செவியையும் மறந்துவிடக் கூடாது. 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது தொழிற்சாலைகளுக்கு வகுத்த ஓர் அளவு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். பெட்டியிலிருந்து 1 மீட்டரில் 97 டெசிபல் என்றால் அரை மணிதான். நம் மாணவரின் சனிக்கிழமைப் பயிற்சி மூன்று மணி நேரம்.

கடைசியில் அவர் என்ன வாங்கினார் என்று கேட்பீர்கள். 8 அங்குல ஸ்பீக்கர் கொண்ட 20 வாட் பெட்டி. வால்வைப் போலிசெய்யும் சில்லு உள்ளே இருக்கிறது. செவிபேசிக்கு ஒரு துளை, தேவாலயத்தின் ஒலிக்கலவைப் பெட்டிக்கு ஒரு துளை. சிறிய ஸ்பீக்கர் என்பதால் 1 வாட்டுக்குச் சுமார் 92 டெசிபல்தான். ஆகவே சராசரிக்கு 0.8 வாட், தாவலுக்கு 8 வாட் தேவைப்படும். 20 வாட் தாராளமாகத் தாங்கும். பாதிச் சேமிப்புக்குச் சற்று மேல் செலவாயிற்று. தச்சர் ஒருவர் சாய்வுப் பலகை செய்து கொடுத்தார், காசு வாங்கவில்லை. மூன்றாம் வரிசையில் அமர்பவராம்.

பல மாதம் கழித்து மறுபடி அங்கே போனபோது பெட்டியின் குமிழருகே இரண்டு பென்சில் கோடுகளைப் பார்த்தேன். ஒன்றில் 'சனி', மற்றொன்றில் 'ஞாயிறு' என்று எழுதியிருந்தது. கிறிஸ்துமஸ் இரவு ஆராதனைக்கு 500 பேர் வருவார்களாம். "மூன்றாவது கோட்டை எங்கே போடுவது என்று சபைன் வாய்பாட்டில் கணக்குப் போட்டிருக்கிறேன் சார், சரிபார்த்துச் சொல்லுங்கள்" என்று ஒரு தாளை நீட்டினார். 74-உடன் 250-ஐக் கூட்டி 324 என்று எடுத்திருந்தார். நானும் தலையாட்டிவிட்டேன். பனிக்காலத்தில் சன்னல்களைச் சாத்திவிடுவார்கள் என்பது எங்கள் இருவருக்குமே வீடு திரும்பும்போதுதான் நினைவுக்கு வந்தது.